கியர் ஆயில் நாற்றம் குறைய: ஜீப்புக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஜமுனாமரத்தூரில் பத்து கிலோ சாமை வாங்கிக்கொண்டு மலை இறங்கினேன். ஜீப்பின் பின்பக்கம் சாமை மூட்டை. அதை ஒட்டி, மூடி சரியாகத் திருகாத கியர் ஆயில் டப்பா ஒன்று. வேலூர் வந்து சேர்ந்தபோது மூட்டையின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். எண்ணெய் பட்டதை வாரிக் கொட்டிவிட்டு, படாத மேல்பாதியைக் கழுவி மொட்டை மாடியில் காயப்போட்டேன். மாலையில் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோன என் மனைவி, "இன்னாங்க இது, தோல் கம்பெனி வழியா போற மாதிரி இருக்குது" என்றார். அந்த மேல்பாதியும் குப்பைக்குப் போனது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக்காரர்களுக்கு இந்த ஒப்பீட்டை விளக்க வேண்டியதில்லை. தோலில் இருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு கலந்து ஊறவைப்பார்கள். அங்கே மூக்கைத் துளைப்பது கந்தகம். கியர் ஆயிலில் துளைப்பதும் கந்தகம்தான். என் மனைவி ஏதோ எரிச்சலில் சொன்னது வேதியியல்படியே சரியாக இருந்தது.

அந்தச் சாமைக்குப் பிறகு, நாற்றம் குறைந்த எண்ணெய் கிடைக்குமா என்று தேட ஆரம்பித்தேன். கிடைக்கும். ஆனால் கடைக்குப் போய் "நாத்தம் இல்லாததா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கும் சமாச்சாரம் இல்லை இது. எனக்கு இருபது வருடமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் அப்படித்தான் கேட்டேன். "நாத்தம் புடிக்கலன்னா பன்னீர் ஊத்திக்குங்க சார். கிரவுன் தேஞ்சுபோச்சுன்னு மட்டும் என்கிட்ட வராதீங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி கிண்டல், பாதி முழு உண்மை.

நாற்றம் எதற்காக இருக்கிறது

வண்டியின் அச்சுக்கு நடுவே உருண்டையாகத் தொங்கி, இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீல் என்ற பெரிய பற்சக்கரமும் பினியன் என்ற சின்னதும் இருக்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் இவை ஹைப்பாய்டு வகை. பினியனின் மையம் கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் தள்ளி இருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, அழுத்தத்தோடு வழுக்கியும் போகின்றன. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் ஏற்றிக்கொண்டு ஏறும்போதும், பாலாற்று மணலில் நான்கு சக்கரமும் மெதுவாக இழுக்கும் ஃபோர் வீல் லோவில் உறுமிக்கொண்டு நகரும்போதும், அந்தப் பற்களுக்கு நடுவே சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். இரும்பு இரும்பைத் தொட்டால் உராய்ந்து ஒட்டிப் பிய்யும்.

அந்த நேரத்தில் காப்பாற்றுவது கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த சேர்மங்கள். பற்கள் நசுங்கும் இடத்தில் வரும் சூட்டில் கந்தகம் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய படலமாக மாறும். அந்தப் படலம் தேய்ந்து போகும், பல் தப்பிக்கும். ஒரு காலத்தில் இந்த வேலைக்குக் கந்தகம் ஏற்றிய திமிங்கல எண்ணெயைப் பயன்படுத்தினார்கள்; 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தது. இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து செய்த சேர்மங்களே அந்த இடத்தில். கந்தகச் சேர்மங்கள் துளியளவு காற்றில் கலந்தாலும் நம் மூக்குக்குத் தெரிந்துவிடும். சமையல் எரிவாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் கலப்பதும் ஒரு கந்தகச் சேர்மம்தான்.

ஆக, பல்லைக் காப்பாற்றும் பொருளேதான் நாறுகிறது. நாற்றத்தை மொத்தமாக ஒழிப்பது நம் குறி இல்லை. வண்டியில் எந்தப் பெட்டிக்கு எவ்வளவு கந்தகம் தேவை, தேவைக்கு மேல் எங்கே ஊற்றிக்கொண்டிருக்கிறோம், ஊற்றியது எந்த வழியாக நம் மூக்குக்கு வருகிறது, இந்த மூன்றையும் பார்த்தால் போதும். மூன்றாவதில் இருந்து தொடங்குவோம். பாதிப் பேருக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முதலில் நாற்றம் வரும் வழியைப் பிடியுங்கள்

கியர் ஆயில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் பொருள். ஓட்டுநர் இருக்கைக்கு அதன் வாசனை வருகிறதென்றால் எங்கோ வழி திறந்திருக்கிறது. எண்ணெயை மாற்றினால் அந்த வழி அடைபடாது.

வண்டியை ஒரு மணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, ஒரு பழைய சாக்கைப் போட்டுக் கீழே படுங்கள். கையில் டார்ச். எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையமான பினியன் சீல் இருக்கும் இடத்தில், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் கழுத்தில், புழுதி ஈரமாக அப்பியிருக்கிறதா? அந்த சீல் போயிருந்தால் ஷாஃப்ட் சுற்றுகிற வேகத்தில் எண்ணெயைச் சுற்றிலும் விசிறும். விசிறியது சைலன்சர் குழாய் மேல் பட்டால் வெந்து புகையும். வெந்த கந்தக நாற்றம் பச்சை எண்ணெய் நாற்றத்தைவிடப் பத்து மடங்கு மோசம். அடுத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு பக்க சீல்கள். அப்புறம் வண்டிக்குள் வந்து கியர் லீவரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். பழைய ஜீப்புகளில் அது கிழிந்து, கீழே இருக்கும் சூட்டுக் காற்று நேராக உள்ளே வரும். என் வண்டியில் பெரிய குற்றவாளி அந்த ரப்பர்தான்.

கடைசியாக பிரீத்தர். எல்லோரும் மறக்கும் சின்ன சாமான். அச்சுக் குழாயின் மேல் சுண்டு விரல் அளவில் ஒரு மூடி இருக்கும். எண்ணெய் சூடேறும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் சீலைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். நீரில் இறங்கினால் கதை நேர் எதிர்: சூடான அச்சு சட்டென்று குளிர, உள்ளே காற்று சுருங்கி, சீல் இடுக்கு வழியாக வெளித் தண்ணீரை உறிஞ்சும். பாலாறு பெரும்பாலான வருடங்களில் மணலாகத்தான் கிடக்கிறது என்று அலட்சியம் வேண்டாம். 2021 நவம்பரில் கரைபுரண்டதைப் பார்த்தோம். மலை ஓடைகளும் மழைக்காலத்தில் முழங்காலுக்கு வந்துவிடும். பிரீத்தரைக் கழற்றி டீசலில் அலசுங்கள். முடிந்தால் அந்த இடத்தில் எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைச் செருகி, இன்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். தண்ணீருக்கும் நல்லது, மூக்குக்கும் நல்லது.

சீல், ரப்பர், பிரீத்தர் மூன்றையும் சரிசெய்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தொந்தரவு இருந்தால், அல்லது எண்ணெய் மாற்றும் வேலையை நீங்களே செய்வதால் கையும் சட்டையும் நாறுகிறது என்றால், மேலே படியுங்கள்.

ஒரே எண்ணெயை எல்லாப் பெட்டியிலும் ஊற்றாதீர்கள்

நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய பழக்கம் ஒன்று உண்டு. "நைன்டி ஆயில்" ஒரு பெரிய டப்பா வாங்கி, கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, பின் அச்சு எல்லாவற்றிலும் ஊற்றி முடிப்பது. வேலை சுலபம். ஆனால் தேவைக்கு மேல் நாற்றத்தை வாங்குவது இங்கேதான்.

டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த தரப்பிரிவுகள் இவை. ஜிஎல்-5 என்றால் ஹைப்பாய்டு பற்களின் கடும் அழுத்தத்துக்கு. ஜிஎல்-4இல் அந்தக் கந்தக-பாஸ்பரஸ் கலவை ஏறக்குறைய பாதிதான். 5 என்பது 4-ஐவிட உயர்ந்தது, அதனால் எங்கும் ஊற்றலாம் என்று நினைப்பது தவறு. கைமுறை கியர் பாக்ஸுக்குள், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்குகள் பல வண்டிகளில் பித்தளை. வினைத்திறன் அதிகமான கந்தகம் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். கூடவே, எண்ணெய் வழுக்கல் அதிகமானால் சிங்க்ரோ ரிங் பிடித்து நிறுத்த முடியாமல் கியர் கரகரவென்று விழும். ஜிஎல்-4 கேட்ட பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால் நாற்றமும் கூடும், ரிங்குக்கும் கேடு.

எனவே வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள்: கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தரம், எண், அளவு. கையேடு தொலைந்துவிட்டால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொல்லிக் கேளுங்கள். டீக்கடைப் பேச்சை நம்பி எழுத வேண்டாம்.

எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஆச்சரியம் காத்திருக்கும். சங்கிலியில் ஓடும் டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப் எனப்படும், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான சிவப்பு எண்ணெய் போதும். அதில் இந்தக் கந்தக நெடி கிட்டத்தட்ட இல்லை. சில கியர் பாக்ஸ்களுக்கும் அதுவே. கியர் பாக்ஸ் ஜிஎல்-4 கேட்கும். ஜிஎல்-5 கட்டாயம் என்பது இரண்டு டிஃபரன்ஷியல்களுக்கு மட்டும் என்று வந்து நிற்கும். இருக்கைக்கு நேர் கீழே, மூக்குக்கு மிக அருகே இருப்பது கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான். அந்த இரண்டிலும் சரியான எண்ணெய் இருந்தாலே வண்டிக்குள் காற்று மாறிவிடும்.

ஒரு விதிவிலக்கு. பழைய சிஜே3பி வகை ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒட்டிப் பிறந்தவை, எண்ணெய் ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குப் போய்வரும். இரண்டிலும் ஒரே எண்ணெய்தான் ஊற்ற வேண்டும்.

டிஃபரன்ஷியலில் நாற்றத்துக்குப் பயந்து ஜிஎல்-4க்கோ இன்ஜின் ஆயிலுக்கோ இறங்காதீர்கள். இதில் பேரம் கிடையாது. முனகல் சத்தம் கேட்கத் தொடங்கும்போது கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்திருக்கும்.

எண்களைப் படிப்பது

80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, 85டபிள்யூ-140 என்று வரும். நாற்றத்துக்கும் இந்த எண்களுக்கும் நேரடி உறவு இல்லை, ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டு பணத்தை வீணாக்குவோர் அதிகம். முதல் எண் குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியில் சோதிக்கப்படுகிறது, 80டபிள்யூ மைனஸ் 26இல். ஜவ்வாது மலையில் மார்கழிக் குளிரில் பல் தந்தி அடித்தாலும் அந்தப் பக்கம்கூட நாம் போவதில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நமது. கையேடு 80டபிள்யூ-90 என்றால் அதையே ஊற்றுங்கள். குளிர் எண்ணுக்காகக் கூடுதல் காசு தேவையில்லை. கையேடு 75டபிள்யூ-90 என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும், அதை மாற்றாதீர்கள்.

இரண்டாவது எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மை. கியர் ஆயிலின் 90 வேறு அளவுகோல், இன்ஜின் ஆயிலின் 40 வேறு அளவுகோல். 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), இன்ஜின் ஆயிலின் 40 என்பது 12.5 முதல் 16.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கனம்.

"ஃபுல் சிந்தெட்டிக் நாறாது சார்" என்று கடையில் சொல்வார்கள். பாதிதான் சரி. நாறுவது அடிப்படை எண்ணெய் இல்லை, அதில் கலந்த கந்தகக் கலவை. சிந்தெட்டிக் ஜிஎல்-5இலும் அது இருந்தே தீரும். அதில் கிடைக்கும் பலன் வேறு. சூட்டில் அது சீக்கிரம் கெடுவதில்லை. கெட்ட எண்ணெய்க்குப் புது எண்ணெயைவிட நெடி அதிகம் என்பதால், மலை ஏற்றமும் மணல் ஓட்டமும் அதிகம் உள்ளவருக்கு நாளடைவில் வித்தியாசம் தெரியும். ஊருக்குள் சந்தைக்கும் வயலுக்கும் போய்வருபவருக்கு மினரல் எண்ணெயே போதும் என்பது என் கட்சி.

வழுக்கல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டி என்றால், டப்பாவில் லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருப்பத்தில் கடகடவென்று அதிரும்.

மோப்பச் சோதனை

கையேட்டுக்குப் பொருந்தும் எண்ணெய்களே போட்டிக்குத் தகுதி. அவற்றுக்குள் மூக்கால் தேர்ந்தெடுப்பது நியாயம், ஏனென்றால் ஒரே ஜிஎல்-5 தரத்திலேயே ஒவ்வொரு கம்பெனியும் வேறுவேறு கலவை போடுகிறது. ஒன்று பூண்டு போல, ஒன்று அழுகிய முட்டை போல, ஒன்று லேசான மருந்து வாடை போல. கடையில் சீல் உடைத்து முகரவிட மாட்டார்கள். நான் செய்தது: பைபாஸ் ஓரம் உள்ள லாரிப் பட்டறைகளுக்குப் போய், காலி டப்பாக்களின் அடியில் மிஞ்சியிருந்ததைக் கேட்டு வாங்கினேன். ஐந்து வகை, வகைக்கு ஒரு மருந்துப் புட்டி அளவு. ஒருவன் காலி டப்பா முகர வந்திருக்கிறான் என்று பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

வீட்டில் வெள்ளைப் பருத்தித் துணியை ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து சொட்டு விட்டு, ஓரத்தில் பேனாவால் பெயரெழுதினேன். முதல் முகர்தல் கை நீட்டும் தூரத்தில். பிறகு துணிகளை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டேன். இரண்டாவது முகர்தலில் வரிசையே மாறிவிட்டது! பச்சையாக இருக்கும்போது சாதுவாக இருந்த ஒன்று வெயிலில் எல்லோரையும் தோற்கடித்தது. எண்ணெய் வண்டியில் சூடாகத்தான் இருக்கப்போகிறது என்பதால் சூட்டு முகர்தலையே நம்புங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால், வீணாய்ப்போன எவர்சில்வர் கரண்டியில் கொஞ்சம் ஊற்றி, கரண்டியின் அடியைக் கொதிநீர்ச் செம்பில் வைத்து முகருங்கள். அடுப்புத் தீயில் காட்டாதீர்கள். இரண்டு மூன்று முறை முகர்ந்தால் மூக்கு மரத்துவிடும். பத்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வீட்டில் வேறொருவரையும் முகரச் சொல்லுங்கள். தினமும் எண்ணெயில் புழங்கும் மூக்குக்குச் சலுகை மனம் வந்துவிடும்.

மூன்றாவது நாள் ஒவ்வொரு துணியையும் சோப்புப் போட்டுத் துவையுங்கள். எது துவைத்ததும் விட்டுப்போகிறதோ அதுதான் உங்கள் எண்ணெய். என் தேர்வில் ஜெயித்தது ஐந்தில் விலை அதிகமானதும் இல்லை, குறைவானதும் இல்லை.

வாசனைத் திரவியம், யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் எதையும் எண்ணெயில் கலக்காதீர்கள். கலந்தவர்களை எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

மாற்றும்போது

வண்டியைக் கொஞ்சம் ஓட்டி எண்ணெய் வெதுவெதுப்பான பிறகு, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் திறக்க வேண்டியது மேலே உள்ள ஃபில்லர் பிளக், அதாவது எண்ணெய் ஊற்றும் துளையின் மூடி. அது துருப்பிடித்து வர மறுத்தால், கீழே எண்ணெயை வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நிற்பீர்கள். அது கழன்ற பின்பே, கீழே எண்ணெய் வடிக்கும் துளையின் மூடியான டிரெயின் பிளக்.

வடியும் எண்ணெயைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மை போலச் சாம்பல் பசை இருந்தால் பயமில்லை, அது வழக்கமான தேய்மானம். நகக்கணு அளவு துண்டு இருந்தால் மூடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாசனையிலும் ஒரு செய்தி உண்டு: பூண்டு, முட்டை நெடி இயல்பு; கருகிய நெடியோடு நிறமும் கறுத்திருந்தால் எண்ணெய் அதிகச் சூடு கண்டிருக்கிறது.

பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். புது எண்ணெயை ஃபில்லர் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடுங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வண்டியைச் சாய்த்து ஊற்றினால், அது நுரைத்து பிரீத்தர் வழியாக வெளியே வரும், பழைய நாற்றக் கதை மறுபடி ஆரம்பமாகும். டப்பாவின் வாயில் செருகும் கைப்பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். புனலும் குழாயும் வைத்துப் போராடும்போதுதான் முழங்கை வரை வழிகிறது.

கைக்கு நேராக சோப்பு போடாதீர்கள். முதலில் கடலை எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துத் துடையுங்கள், எண்ணெய் எண்ணெயை இழுத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு பாத்திரம் துலக்கும் சோப்பு, கடைசியில் சீயக்காய்த் தூள். மெல்லிய கையுறை போட்டிருந்தால் இவ்வளவும் தேவையில்லை. தரையில் கொட்டியதைத் தண்ணீர் விட்டுப் பரப்ப வேண்டாம். மரத்தூளைப் போட்டு ஒரு இரவு விட்டுக் கூட்டி எடுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ ஆற்றோரத்திலோ ஊற்றக்கூடாது. கரையானுக்கு மரச்சட்டத்தில் பூசும் பழக்கமும் வேண்டாம், வீடு முழுக்க மாதக்கணக்கில் நாறும். மத்திய அரசின் 2016 அபாயக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயக் கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். கேனை நிமிர்த்தி, கயிற்றால் கட்டி, சாமை மூட்டை இல்லாத நாளாகப் பார்த்து எடுத்துப் போங்கள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை கீழே படுத்து, இரண்டு பிளக்குகளைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஒரு கால் திருகு. ஃபில்லரைத் திறந்து சுண்டு விரலை வளைத்து உள்ளே விட்டால் எண்ணெய் நுனியில் தொட வேண்டும்.